1975–78 டாட்சன் 280 இசட்: இன்ஜெக்டரும் சீலும் மாற்றும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

கேள்வியில் நான்கு அறிகுறிகள் இருக்கின்றன: குளிர்ந்த எஞ்சின் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிறது, சூடானபின் ஐடிலிங் ஏறி இறங்குகிறது, நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து எடுத்தால் திணறுகிறது, பானெட்டைத் திறந்தால் பெட்ரோல் வாடை. ஆறு புது இன்ஜெக்டர் (எஞ்சினுக்குள் பெட்ரோல் பீய்ச்சும் மின்வால்வு) வாங்கிவிடலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். முதல் செலவு பெட்ரோல் ஹோஸுக்கு, அடுத்தது இன்ஜெக்டரைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீலுக்கு, பிறகு அதன் வயர் மாட்டும் கனெக்டருக்கு. இன்ஜெக்டர் வாங்குவதைச் சோதனைக்குப் பிறகு முடிவு செய்யலாம்.

ஹோஸை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இந்தக் காரின் எல்28 எஞ்சினில் காற்று உள்ளே போகும் இன்டேக், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் இரண்டும் ஒரே பக்கம். ஃப்யூவல் ரெயிலும் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பகிரும் குழாய்) இன்ஜெக்டரும் மேலே, கொதிக்கிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (புகைக் குழாய்த் தொகுதி) நேர் கீழே. ரெயிலையும் இன்ஜெக்டரையும் இணைப்பது ஒரு குட்டி ரப்பர் ஹோஸ்தான். அது வெடித்துக் கசிந்தால் பெட்ரோல் எங்கே சொட்டும் என்று சொல்லத் தேவையில்லை. வாடை வருகிற வண்டியை இனி ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

ஐடிலிங் பிரச்சினை வேறு. இந்தக் காரில் இருப்பது பாஷ் எல்-ஜெட்ரானிக் என்ற மின்னணுப் பெட்ரோல் இன்ஜெக்ஷன் முறை. உள்ளே போகும் காற்றை காற்று தள்ளத் திறக்கும் ஒரு தகடு அளக்கிறது. அந்த அளவுக்குத்தான் கணினி பெட்ரோல் விடும். இன்ஜெக்டர் சீல் காய்ந்து கல்லாகிவிட்டால் அதன் ஓரமாக அளக்கப்படாத காற்று நுழைந்து கலவையில் பெட்ரோல் குறைந்துபோகிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கணினியே கூடுதல் பெட்ரோல் கொடுப்பதால் குறை வெளியே தெரியாது, சூடானதும் தெரியும். ஆனால் ஆயில் ஊற்றும் மூடியின் கேஸ்கெட்டும் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கின் ஓ-ரிங்கும் (ரப்பர் வளையம்) கெட்டிருந்தாலும் இதே கோளாறுதான் வரும். சில ரூபாய் சமாச்சாரம், அதை முதலில் பாருங்கள். கார்புரேட்டர் கிளீனர் அடித்துக் கசிவு தேடும் பழக்கம் இந்த எஞ்சினில் ஆபத்து. பெட்ரோல் கசிவை நிறுத்திய பிறகு, ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து ஒவ்வொரு சீல் மீதும் லேசாகப் பீய்ச்சுங்கள். ஆர்பிஎம் மாறினால் அங்கேதான் ஓட்டை.

இன்ஜெக்டரைக் கழற்றும் முன் ரெயிலில் உள்ள பெட்ரோல் அழுத்தத்தை இறக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, கோல்ட் ஸ்டார்ட் வால்வின் (குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் பீய்ச்சும் வால்வு) கனெக்டரை உருவுங்கள். இரண்டு தனி வயர் மூலம் அந்த வால்வுக்கு இரண்டு மூன்று விநாடி 12 வோல்ட் கொடுத்தால் ரெயிலில் உள்ள பெட்ரோல் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் போய் அழுத்தம் தணியும். வயர்முனைகள் ஒன்றையொன்று தொடக்கூடாது. பெட்ரோல் ஆவி இருக்கும் இடம் என்பதால், இணைப்பைப் பேட்டரியிலிருந்து தள்ளியே கொடுங்கள். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும்.

அடுத்த தலைவலி ஸ்க்ரூ. இன்ஜெக்டர் ஹோல்டரைப் பிடித்திருப்பவை ஜேஐஎஸ் (ஜப்பானியத் தொழில் தரம்) வகை. பார்வைக்கு ஃபிலிப்ஸ் மாதிரியே இருக்கும், ஃபிலிப்ஸ் டிரைவரைப் போட்டால் தலை மழுங்கிவிடும். முந்தின நாளே ஊடுருவும் எண்ணெய் விட்டு, ஜேஐஎஸ் முனை போட்ட, சுத்தியலால் தட்டும் இம்பாக்ட் டிரைவரால் இளக்குங்கள். அசையாவிட்டால் ரெயிலையும் ஹோஸையும் முழுக்க அப்புறப்படுத்தி, ஆவி போனபின், ஹீட் கன்னால் அலுமினியத்தைச் சூடாக்கலாம். தீச்சுடர் கூடவே கூடாது. திரும்பப் போடும்போது ஆலன் தலை ஸ்க்ரூவாக மாற்றி, மரை இறுகிப்போகாமல் காக்கும் ஆன்டி-சீஸ் பசையைத் தடவிவிட்டால் அடுத்த முறை இந்தப் பாடு இருக்காது.

இன்ஜெக்டரை உருவியதும் நுனியில் உள்ள பிளாஸ்டிக் தொப்பி அதிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். வயதான தொப்பி நொறுங்கி இன்டேக் துளைக்குள் விழும். தேடி எடுக்காமல் எஞ்சினைச் சுழற்றக்கூடாது. பழைய சீல் துண்டுகளையும் துளையிலிருந்து முழுக்கச் சுரண்டி எடுங்கள். அவை மிச்சமிருந்தால் புது சீல் சாய்ந்து உட்கார்ந்து மறுபடியும் காற்றை விடும்.

பழைய ஹோஸைக் கத்தியால் கீறி எடுப்பதுதான் இந்த வேலையில் அதிகம் கெடுக்கிற பழக்கம். இன்ஜெக்டரின் பித்தளை முனையில் ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் புது ஹோஸ் அதன் வழியாகக் கசியும். டாட்சனைத் தயாரித்த நிசானின் சர்வீஸ் கையேட்டு முறை நல்லது: 150 வாட் சால்டரிங் அயர்னை நன்றாகச் சூடேற்றி, ரப்பரை உள்ளிருக்கும் நூல் பின்னல் வரை நீளவாக்கில் உருக்கிப் பிளந்து, மீதியைக் கையால் உரிக்க வேண்டும். முனை உலோகத்தைத் தொடக்கூடாது. அதற்கு முன் இன்ஜெக்டரில் உள்ள பெட்ரோலை வடித்து, வண்டியை விட்டு விலகிக் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். இன்ஜெக்டரை வைஸில் இறுக்கவே வேண்டாம்.

புது ஹோஸ் 8 மிமீ உள்விட்டம், இன்ஜெக்ஷன் ஹோஸுக்கான தரக்குறியான எஸ்ஏஇ 30ஆர்9 என்று அச்சிட்டது. கார்புரேட்டர் வண்டிகளுக்கான சாதா ஹோஸ் இந்த அழுத்தத்துக்கு ஆகாது. உள்ளே பெட்ரோல் தொட்டு ஈரமாக்கிக் கையால் அடிவரை தள்ளுங்கள். கிளாம்ப் போடுவதானால் ஓரம் மடிந்த இன்ஜெக்ஷன் கிளாம்ப். ஸ்க்ரூ திருகி இறுக்கும், வரி வெட்டிய வார்ம் கிளாம்ப் ரப்பரைக் கடித்துவிடும். சீல் எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் விட்டான் வகை ரப்பராக இருக்கட்டும்.

இன்ஜெக்டர் நல்லதா என்று பார்க்க மல்டிமீட்டர் வையுங்கள்: 2 முதல் 3 ஓம் சரி. சோதிக்கிறேன் என்று 12 வோல்ட்டை நேராகக் கொடுத்துப் பிடித்திருந்தால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கருகிவிடும். காரில் அதைக் காப்பாற்றுவது தொடராக வைத்த, மின்னோட்டத்தைக் குறைக்கும் டிராப்பிங் ரெசிஸ்டர்கள். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் 12–16 ஓம் இன்ஜெக்டர்களை வாங்கினால் அந்த ரெசிஸ்டர்களை விலக்க வேண்டும், இல்லையேல் மின்னோட்டம் போதாமல் மந்தமாகத் திறக்கும். விலக்கிய பிறகு பழைய 2 ஓம் வகையை மாட்டினால் இசியு (எஞ்சினின் கணினி) போய்விடும். மின்சாரத்தில் சரியாக இருக்கும் பழைய இன்ஜெக்டர்களை அல்ட்ராசோனிக்கில் கழுவி, பீய்ச்சும் அளவைச் சோதிக்கும் ஃப்ளோ பெஞ்சில் ஆறின் அளவும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதே என் தேர்வு. கனெக்டர் பின்களில் பச்சை பூத்திருந்தால் புது பிக்டெயில் (வயரோடு வரும் கனெக்டர்) போடுங்கள். எந்த கனெக்டர் எந்த சிலிண்டருக்கு என்று குழம்ப வேண்டாம். ஆறும் ஒரே நேரத்தில்தான் பீய்ச்சும்.

மாட்டும்போது ஓ-ரிங்கில் துளி எஞ்சின் ஆயில் தடவி, இரு ஸ்க்ரூவையும் மாறி மாறிச் சமமாக இறுக்குங்கள். சாவியை ஆன் செய்தால் மட்டும் இதில் பம்ப் ஓடாது. ஸ்டார்ட்டர் மோட்டாரை இயக்கும் சோலினாய்டின் சிறிய வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியை மாட்டி, சாவியை ஸ்டார்ட்டில் பிடியுங்கள். எஞ்சின் சுழலாமல் பம்ப் மட்டும் ஓடும். இன்னொருவர் டார்ச்சோடு பன்னிரண்டு ஹோஸ் முனையையும் பார்க்கட்டும். பெட்ரோல் அழுத்தம் காட்டும் கேஜில் சுமார் 36 பிஎஸ்ஐ வர வேண்டும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது 30 பிஎஸ்ஐ பக்கம் இறங்கும்.

பம்பை நிறுத்தியதும் அழுத்தம் மளமளவென இறங்கினால் அதுவே உங்கள் சூட்டு ஸ்டார்ட் கோளாறுக்குக் காரணமாக இருக்கலாம். பம்பை மறுபடி ஓட்டி, நிறுத்திய உடனே டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் ஹோஸைக் கவ்விப் பிடியுங்கள்: அழுத்தம் இறங்காமல் நின்றால் குறை ரெகுலேட்டரில் (அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்). பம்பிலிருந்து வரும் சப்ளை ஹோஸைக் கவ்வும்போது நின்றால் குறை பம்பின் செக் வால்வில் (பெட்ரோல் பின்னோக்கிப் போகாமல் தடுக்கும் வால்வு). இரண்டையும் கவ்வியும் இறங்கினால் இன்ஜெக்டரோ கோல்ட் ஸ்டார்ட் வால்வோ ஒழுகுகிறது. இன்ஜெக்டர் என்று உறுதியானால் அப்போது வாங்குங்கள். எல்லாம் பிடித்து நின்றும் திணறினால், கீழிருந்து ஏறும் சூட்டில் ரெயிலுக்குள் பெட்ரோல் ஆவியாகிறது. பின்னால் வந்த 280 இசட்எக்ஸில் இன்ஜெக்டருக்குக் காற்றடிக்க நிசானே ஒரு குட்டி ஃபேன் வைத்தது இதற்காகத்தான்.