ஃபீட் பம்ப் சூடானதும் ஆடுகிறதா?

லேசர் அலைன்மென்ட் (மோட்டார், பம்ப் ஷாஃப்ட்டுகளை லேசர் வைத்து ஒரே கோட்டில் நிறுத்துவது) பக்காவாக வந்தும், லோடு ஏற்றிய இரண்டு மணி நேரத்தில் பாய்லருக்குத் தண்ணீர் தள்ளும் ஃபீட் பம்பில் வைப்ரேஷன் ஏறுகிறது, பேரிங்கை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பேரிங்கை இப்போதைக்குத் தொடாதீர்கள். குளிர்ந்த நிலையில் ஒழுங்காக ஓடி, சூடானதும் ஆடுகிறது என்றால் முதல் சந்தேகம் வெப்ப விரிவின் மேல்தான்.

எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்குச் சுமார் 0.012 மி.மீ. நீளும். பம்ப் பாதத்திலிருந்து ஷாஃப்ட் மையம் வரை அரை மீட்டர், சராசரியாக 100 டிகிரி ஏறுகிறது என்று வையுங்கள்: ஷாஃப்ட் 0.6 மி.மீ. உயரும். மோட்டார் அவ்வளவு உயராது. குளிரில் பூஜ்யம் வைத்தால் சூட்டில் கோணல்தான். பம்ப் அடியில் அல்லாமல் ஷாஃப்ட் மையக்கோட்டு உயரத்தில் தாங்கப்பட்ட வகையானால் இந்த உயர்வு குறையும். மேனுவலில் கோல்டு ஆஃப்செட் (குளிரில் வேண்டுமென்றே விடும் உயர வித்தியாசம்) எவ்வளவு என்று பார்த்து அதையே வையுங்கள்; லேசர் திரையில் பச்சை விளக்கு எரிகிறதே என்று நம்பிவிடாதீர்கள்.

அதுவும் சரி என்றால் பைப் இழுக்கிறதா பாருங்கள். பெர்மிட் வாங்கி, ஐசொலேட் செய்து, பிரஷர் இறக்கியபின் கப்ளிங்கில் (இரு ஷாஃப்ட்டுகளும் சேரும் இடம்) நுண்ணிய நகர்வைக் காட்டும் டயல் கேஜ் வைத்து சக்‌ஷன் ஃபிளாஞ்ச் (தண்ணீர் உள்ளே வரும் பைப் இணைப்பு) போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். முள் 0.05 மி.மீ.க்கு மேல் நகர்ந்தால் பைப்பைத்தான் சரிசெய்ய வேண்டும். செயின் பிளாக் போட்டு ஃபிளாஞ்சை இழுத்துச் சேர்க்கும் வழக்கம் இன்னும் பல சைட்டுகளில் உண்டு; இந்த இழுப்பு அதனால்தான் வரும்.

அப்புறம், வைப்ரேஷன் ஸ்பெக்ட்ரம் (எந்த வேகத்தில் எவ்வளவு ஆட்டம் என்று காட்டும் வரைபடம்) இருந்தால் இங்கே போடுங்கள். சுழல் வேகத்தின் இரு மடங்கில் உச்சம் தெரிகிறதா, அச்சுத் திசையில் எவ்வளவு என்று பார்த்தால் கோணல்தானா என்று ஓரளவு தெரியும்.