தூணின் கம்பியை ராஃப்ட்டோடு கட்டலாமா?

கேள்வி: பள்ளிக்கரணை சதுப்பை ஒட்டிய மனையில் தரைத்தளமும் மூன்று மாடியும் கட்டுகிறோம். ஒன்றரை மீட்டர் மண் கொட்டி உயர்த்திய இடம். அதன்கீழ் 7 மீட்டர் இளகிய களிமண், அப்புறம் கெட்டிக் களி. பொறியாளர் 400 மி.மீ. விட்டத்தில், கம்பியில்லாத கான்கிரீட் தூண்களை 1.6 மீட்டருக்கு ஒன்றாக இறக்கி, மேலே 50 செ.மீ. ஜல்லி அடுக்கு போட்டு ராஃப்ட் (கட்டடம் முழுவதும் உட்காரும் ஒரே கான்கிரீட் பலகை) அமைக்கலாம் என்கிறார். மேஸ்திரி, ‘கம்பி விட்டு ராஃப்ட்டோடு கட்டாவிட்டால் தூண் எதற்கு?’ என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: பொறியாளர் சொல்வதுதான். கம்பியைக் கட்டினால் அது பைல் அஸ்திவாரம் (தூணும் கட்டடமும் பிணைந்த அமைப்பு) ஆகிவிடும். காற்றும் நிலநடுக்கமும் பக்கவாட்டில் தள்ளும் விசை நேராகத் தூண் தலைக்குப் போகும். அதைத் தாங்கக் கம்பிக்கூடு, பைல் கேப் (தூண் தலைமேல் போடும் கான்கிரீட் தொப்பி) என்று கணக்கே மாறும், செலவும் ஏறும். ஜல்லி இடையில் இருந்தால் அந்த விசையில் பெரும்பகுதி அங்கேயே உராய்வில் அடங்கும். கிரீஸில் 2004-இல் திறந்த ரியோன் - அன்டிரியோன் பாலத்திலும் இதே ஏற்பாடுதான்: கடலடி மண்ணில் எஃகுக் குழாய்களை அடித்து, மேலே சரளை பரப்பி, 90 மீட்டர் விட்ட அடித்தளங்களை எந்தப் பிணைப்பும் இல்லாமல் வைத்திருக்கிறார்கள்.

மேஸ்திரியின் சந்தேகத்துக்கும் பதில் அந்த ஜல்லிதான். தூணைவிட மண் கொஞ்சம் அதிகம் இறங்கும்போது ஜல்லிக்குள் வளைவுபோல ஒரு பிடிப்பு உண்டாகி, பாரத்தைத் தூண் தலைக்குத் திருப்பும். அடுக்கு மெலிந்தால் தூண் தலை ராஃப்ட்டைக் குத்தும். 20 செ.மீ. அடுக்குகளாகப் போட்டு ரோலர் ஓட்டுங்கள். மொத்தமாகக் கொட்டி மட்டம் தட்டினால் பயனில்லை.

எனக்குக் கவலை நீங்கள் கொட்டிய மண்தான். ராஃப்ட் சதுர மீட்டருக்கு 8 டன் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு தூணின் பங்கு 2.56 சதுர மீட்டர், அதாவது சுமார் 20.5 டன். கொட்டிய மண் சதுர மீட்டருக்கு 2.7 டன், அதில் ஒரு தூணின் பங்கு 7 டன். மண் புதிதாகக் கொட்டியதென்றால் களி இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும். இறங்கும்போது தூணையும் கீழே இழுக்கும். ஆகவே தூணில் உச்ச பாரம் தலையில் வராது, சில மீட்டர் கீழே வரும். இரண்டும் சேர்ந்து 27 டன்வரை போகலாம். கான்கிரீட்டுக்கு இது பெரிதல்ல, சதுர மி.மீ.க்கு 2 நியூட்டன் சொச்சம்தான். கெட்டிக் களி தாங்குமா என்பதே கேள்வி. தூண் அதற்குள் எத்தனை மீட்டர் இறங்குகிறது, கணக்கில் மண் பாரம் சேர்ந்திருக்கிறதா என்று பொறியாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

பிளேட் லோடு டெஸ்ட் (தரையில் தகடு வைத்துப் பாரம் ஏற்றிப் பார்ப்பது) மட்டும் செய்து ‘ஓகே’ என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 30 செ.மீ. தகட்டின் அழுத்தம் சுமார் 60 செ.மீ. ஆழம்வரைதான் போகும்; கீழே கிடக்கும் களியைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. தனித் தூண் ஒன்றில் லோடு டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள்.

அப்புறம், தூண் போட்டபின் பொக்லைனை உள்ளே விடாதீர்கள். பக்கெட் ஒருமுறை தட்டினால் கம்பியில்லாத தூண் உள்ளேயே முறியும், மேலே தெரியாது. தூண் தலையின் மட்டம் வரை கடைசி அரை மீட்டரை ஆள் வைத்தே தோண்டுங்கள்.