ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகாவிட்டால் தப்பா?

கேள்வி: அக்கா, எனக்கு 35 வயது. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். வீட்டுக்காரர் கொழும்பில் ஹோட்டல் வேலை; பொங்கல், தீபாவளிக்குத்தான் வருவார். மகனுக்கு 14 வயது, மகளுக்கு 10. மகள் பாத்திரம் கழுவித் தருவாள். மாமியாரும் எங்களோடுதான். விடிய நாலரைக்கு எழும்பினால் படுக்கப் பத்து மணி ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்கு, அதாவது எடுக்கிற கொழுந்துக்குக் கையில் காசு தரும் வேலைக்கு, மலைக்குப் போகிறேன். ஃபோனில் வரும் வீடியோக்களில் 'உங்களுக்கென்று நேரம் ஒதுக்குங்கள்' என்கிறார்கள். எங்கே போய் ஒதுக்குவது? ஒரே ஒரு ஞாயிறு வீட்டில் இருந்ததற்கு, "சும்மா இருந்து காசை விட்டுட்டா" என்று மாமியார் லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டார். எந்நேரமும் களைப்பு, தலையிடி. நான் ஓய்வு நினைப்பது தப்பா?

பதில்: தப்பே இல்லை, தங்கச்சி. மிச்சத்தை அப்புறம் பேசலாம்.

அந்த வீடியோக்களை நானும் பார்க்கிறேன். அரை மணி நேரம் முந்தி எழும்பி யோகா செய்யச் சொல்வார்கள். நாலரைக்கு எழும்பி ரொட்டி தட்டுகிற உங்களை நான் நாலு மணிக்கு எழுப்பப் போவதில்லை. இருக்கிற தூக்கத்தில் கை வைக்காதீர்கள். உங்கள் நாளில் எங்கேயும் நேரம் ஒளிந்து கிடக்கவில்லை. நேரம் வேண்டுமென்றால், நீங்கள் செய்கிற வேலையில் ஒன்றை வேறு யாராவது செய்தாக வேண்டும்.

யார் செய்வது? மகள் பாத்திரம் கழுவுவதை எழுதியிருக்கிறீர்கள். மகனைப் பற்றி, வயதைத் தவிர ஒரு வார்த்தை இல்லை. பந்து விளையாடப் போயிருப்பான், போகட்டும். ஆனால் பீலியில் தண்ணீர் பிடித்து வைப்பதும் விறகு எடுத்து வைப்பதும் ராத்திரிச் சோற்றை அடுப்பில் ஏற்றுவதும் 14 வயதுப் பையனுக்கு முடியாத வேலையா? சாயந்தரம் கொழுந்து நிறுவை முடிந்து நீங்கள் வரும்போது உலை கொதித்துக்கொண்டிருந்தால் அதுவே அரை மணி நேரம். முதல் வாரம் சோறு குழையும். குழைந்த சோற்றைப் பேசாமல் சாப்பிடுங்கள். "விடு, நானே செய்யிறேன்" என்று ஒரு தடவை சொன்னீர்களோ, அத்தோடு போச்சு. மகள் தலையில் மட்டும் இன்னும் வேலையைக் கட்டாதீர்கள்.

களைப்பு விஷயம்தான் எனக்குக் கவலை. ரொட்டியைத் தின்ற கையோடு தேத்தண்ணி குடிக்கிறோம் இல்லையா? சாப்பாட்டில் இருக்கிற இரும்புச் சத்து உடம்பில் சேர்வதை அந்தச் சாயம் குறைத்துவிடும். நீங்கள் எடுக்கிற கொழுந்துதான், என்ன செய்வது! சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் விட்டுக் குடியுங்கள். கீரைக்கும் வல்லாரைச் சம்பலுக்கும் தேசிக்காய் பிழிந்துகொண்டால் சத்து நன்றாகச் சேரும்.

தண்ணீர் குடிக்கிறீர்களா? மலையில் ஒதுங்க இடமில்லை என்று எத்தனையோ பெண்கள் பொழுது முழுக்கத் தண்ணீரைத் தொடுவதில்லை. தலையிடிக்கு அதுவும் ஒரு காரணம். சிறுநீரை அடக்கி அடக்கி வைத்தால் கிருமித் தொற்றும் வரும். கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பக்கத்திலாவது ஒரு கக்கூஸ் வேண்டுமென்று தனியாகக் கேட்காமல் நாலைந்து பேர் சேர்ந்து தோட்ட நிர்வாகத்திடம் கேளுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்வது என்றால் என் கணக்கில் இதுவும்தான். எந்த வீடியோவிலும் இது வராது.

சரி, மாமியாருக்கு வருவோம். அவரும் கூடை சுமந்தவராகத்தான் இருப்பார். அவருக்கு யாரும் ஒரு ஞாயிறு கொடுத்திருக்க மாட்டார்கள். உங்களுக்குக் கிடைப்பது கண்ணை உறுத்துகிறது. சண்டை வேண்டாம். மாதத்தில் ஒரு ஞாயிறு வீடு, மற்றதெல்லாம் கைக்காசு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதலில் வீட்டுக்காரரிடம் ஃபோனில் பேசுங்கள். அம்மாவிடம் அவர் வாயால் சொல்லட்டும். அப்புறம், அந்த ஞாயிறில் வாரம் முழுக்கச் சேர்ந்த உடுப்பைத் துவைக்க உட்கார்ந்துவிடாதீர்கள். தலை முழுகுங்கள், படுத்துத் தூங்குங்கள், கூட்டாளியோடு டவுனுக்குப் போங்கள், இல்லையென்றால் ஒன்றுமே செய்யாதீர்கள்.

கடைசியாக ஒரு வேலை. 35 வயதாகிவிட்டதால், எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒஃபிஸ் பெண்களுக்காக நடத்துகிற வெல் வுமன் கிளினிக்குக்கு நீங்கள் கட்டாயம் போக வேண்டும். பிரஷர், சீனி, மார்பு, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் எல்லாம் காசில்லாமல் பார்ப்பார்கள். களைப்பைச் சொல்லி, இரத்தம் குறைவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். களைப்போடு அழுகையும் மனச்சோர்வும் விடாமல் இருந்தால் 1926க்கு எடுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம். கிளினிக் என்றைக்கு என்று டிவிஷனுக்கு வரும் மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேளுங்கள். வேலை நாளாக இருந்தால் முந்தின நாளே கங்காணியிடம் சொல்லிவிட்டு, உங்கள் வயதில் இருக்கிற இன்னும் ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.