தீப்பிடித்த வீடும் மற்ற நாட்களும்: கடிதம்

வணக்கம். விலங்குகளின் வலியைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். ‘அறிவுதான் அளவுகோல் என்றால் கைக்குழந்தைகளையும் மனவளர்ச்சி குன்றியவர்களையும் என்ன செய்வோம்?’ என்று அதில் கேட்டிருந்தீர்கள். என் தம்பிக்கு முப்பது வயது. பேச்சு வராது, ஊட்டிவிட்டால்தான் சாப்பிடுவான். அவனைக் கூட்டிப்போய் ஒரு பன்றியின் பக்கத்தில் நிறுத்தியது போல இருந்தது எனக்கு. மனிதனுக்கு ஆறறிவு, விலங்குக்கு ஐந்தறிவு என்று முன்னோர் சும்மாவா சொன்னார்கள்? தீப்பிடித்த வீட்டில் ஒரு குழந்தையும் ஒரு நாயும் இருந்தால் குழந்தையைத்தானே தூக்குவீர்கள்? அப்படியென்றால் மனிதன் உயர்ந்தவன் என்று ஒப்புக்கொள்வதில் என்ன தயக்கம்? அந்த ஒப்பீட்டை எடுத்துவிடுவீர்களா?

வாசகர் (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உங்கள் தம்பி. அந்த வரி உங்களைக் காயப்படுத்தியது நியாயம்தான். தத்துவத்தில் அடிக்கடி வைக்கப்படும் வாதம் அது, நானும் யோசிக்காமல் எடுத்துப் போட்டுவிட்டேன், படிப்பவர் வீட்டில் ஒரு தம்பி இருக்கலாம் என்று நினைக்கவே இல்லை. மன்னியுங்கள். 1975-ல் விலங்கு விடுதலை பற்றி எழுதி இந்த விவாதத்தையே பரவலாக்கிய தத்துவவாதி பீட்டர் சிங்கர், கடுமையான குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகளைப் பற்றிச் சொன்ன சில கருத்துகளை மாற்றுத்திறனாளிகள் பலர் நேருக்கு நேர் எதிர்த்திருக்கிறார்கள். அந்த விஷயத்தில் நான் அவர்கள் பக்கம்.

ஆனால் நான் சொல்ல வந்தது இதுதான்: உங்கள் தம்பியின் மதிப்பு அவரால் என்ன முடியும் என்பதில் இல்லை. அவருக்கு வலித்தால் வலிக்கிறது, அவ்வளவுதான், அதற்கு மேல் யாரும் சான்றிதழ் கேட்கக் கூடாது. இதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள், முப்பது வருடமாகக் கூடவே இருக்கிறீர்கள். ஆறறிவு என்ற அளவுகோலை நீங்களே கையில் எடுக்கும்போதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது, ஏனென்றால் அந்தக் கோல் முதலில் வெளியே தள்ளுவது அவரைப் போன்றவர்களைத்தான். தொல்காப்பியம் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகை பிரிக்கிறது, உண்மை. எந்த உயிரை எப்படி நடத்தலாம் என்று அங்கே அது சொல்லவில்லை. அதை நாம் பிற்பாடு சேர்த்துக்கொண்டோம்.

மனித இனம் இல்லை என்பதற்காகவே ஓர் உயிரைத் தாழ்வாக நடத்தும் பாகுபாட்டுக்கு 1970-ல் ரிச்சர்ட் ரைடர் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் ‘ஸ்பீஷீசிசம்’ என்று பெயர் வைத்தார். அவரே விலங்குகளை வைத்துச் சோதனை செய்யும் ஆய்வுக்கூடங்களில் வேலை பார்த்தவர். இதில் என்னை உறுத்துவது மனிதன் தன்னை உசத்தியாக நினைப்பது அல்ல, கோட்டைத் தள்ளித் தள்ளிப் போடுவதுதான். கருவி செய்வது மனிதன் மட்டும்தான் என்றோம். 1960-ல் சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடால் ஆப்பிரிக்காவின் கோம்பே காட்டில் சிம்பன்சிகள் குச்சியிலிருந்து இலையை உருவிவிட்டு, அந்தக் குச்சியைப் புற்றுக்குள் விட்டுக் கரையான் பிடிப்பதைப் பார்த்தார். சரி, மொழிதான் வித்தியாசம் என்றோம். வலி விஷயத்திலும் இப்படித்தான்: மீனுக்கு வலியே கிடையாது என்பது இன்றைக்கும் பலருடைய நம்பிக்கை. 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் டிரவுட் மீன்களின் உதட்டில் அமிலத்தை ஏற்றினார்கள். அவை தீனியை விட்டுவிட்டு உதட்டைக் கற்களில் தேய்த்தன. ‘மார்பின்’ என்ற வலிநிவாரணியைக் கொடுத்ததும் அது குறைந்தது. (இதைத் தெரிந்துகொள்ளவும் சில மீன்களை வதைக்க வேண்டியிருந்தது என்பது எனக்குக் கசப்புதான்.) பிரிட்டன் 2022-ல் கொண்டுவந்த சட்டம் நண்டையும் ஆக்டோபஸையும்கூட உணர்வுள்ள உயிர்களாக ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இதையெல்லாம்விட என்னை அதிகம் உலுக்கியது மனிதக் குழந்தைகளைப் பற்றிய ஒரு விஷயம். 1980-கள் வரைக்கும் பல மருத்துவமனைகளில் பச்சிளம் குழந்தைகளுக்குச் சரியான வலிநிவாரணி இல்லாமலேயே அறுவை சிகிச்சை செய்தார்கள். அசையாமல் இருக்க மருந்து உண்டு, வலிக்கு மருந்து இல்லை, அல்லது பெயருக்குக் கொஞ்சம். நரம்புகள் இன்னும் முழுதாக வளரவில்லை, அழுகை வெறும் அனிச்சைச் செயல், அப்புறம் எதுவும் நினைவிலும் இருக்காது என்று சொல்லிக்கொண்டார்கள். மயக்க மருந்து பச்சைக் குழந்தைக்கு ஆபத்து என்ற உண்மையான பயமும் இருந்தது. 1987-ல் வந்த ஆய்வுதான், குறைமாதக் குழந்தைகளுக்கு அறுவையின்போது வலிநிவாரணி கொடுத்தால் அவர்கள் உடல் தேறுவதும் மேம்படுகிறது என்று காட்டியது. அந்த மருத்துவர்கள் கொடியவர்கள் இல்லை, குழந்தைகளைக் காப்பாற்ற நின்றவர்கள். பேச முடியாத ஓர் உயிரின் வலியை நம்பாமல் இருப்பது நல்லவர்களுக்கே எவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது பாருங்கள். மீனைப் பற்றி இன்று சொல்லும் காரணங்களும் ஏறக்குறைய இவையேதான்: வெறும் அனிச்சை, போதுமான மூளை இல்லை, நினைவில் நிற்காது.

இப்போது தீப்பிடித்த வீடு. குழந்தையைத்தான் தூக்குவேன், ஒரு நொடிகூட யோசிக்க மாட்டேன். இரண்டு குழந்தைகள் இருந்து அதில் ஒன்று என் மகளாக இருந்தால் அவளைத்தான் முதலில் தூக்குவேன். அதனால் மற்றக் குழந்தை தாழ்ந்தது என்று ஆகிவிடாது. மறுநாள் அந்தக் குழந்தையைக் கூண்டில் அடைக்கும் உரிமையும் எனக்கு வந்துவிடாது. இடுக்கண் நேரத்தில் யாருக்கு முன்னுரிமை என்பது ஒரு கேள்வி. தீயே இல்லாத மற்ற நாட்களில் ஒரு பன்றியை, திரும்பக்கூட இடமில்லாத இரும்புச் சட்டத்துக்குள் மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கலாமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கான பதிலைக் காட்டி இரண்டாவதை மூடிவிடுகிறோம். மனிதன்தான் உயர்ந்தவன் என்றே வைத்துக்கொள்வோம், அந்த உயர்வு இந்தக் கூண்டுக்கு எப்படி அனுமதியாகும்? நாயை மடியில் வைத்துக்கொண்டு பன்றியைக் கூண்டில் வைப்பதற்கு அறிவுகூடக் காரணம் இல்லை, பழக்கம்தான். அதோடு மொழியும் சேர்ந்துகொள்கிறது. மனிதன் திட்டம் போட்டுச் செய்கிற கொடுமைக்கு மிருகத்தனம் என்று பெயர் வைத்திருக்கிறோம். இந்தச் சொல்லை நானே நிறைய எழுதியிருக்கிறேன், இப்போது நிறுத்திக்கொண்டேன்.

ஒப்பீட்டை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். அந்தப் பத்தியை இன்று காலை எடுத்துவிட்டு, பச்சிளம் குழந்தைகளின் அறுவை சிகிச்சையைப் பற்றி மேலே சொன்னதை அந்த இடத்தில் எழுதியிருக்கிறேன். அங்கேயும் குழந்தையையும் மீனையும் அடுத்தடுத்துத்தான் பேசுகிறேன், ஆனால் யாருக்கு அறிவு குறைவு என்ற பேச்சு அதில் இல்லை. இன்னும் உறுத்தினால் மறுபடி எழுதுங்கள். தம்பிக்கு என் அன்பு.