கனடாவில் வீட்டின் சைடிங்கையும் டிரிம்மையும் நாங்களே மாற்றலாமா? எவற்றைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி கேட்டவரின் வீடு ரொறன்ரோவுக்குக் கிழக்கே பிக்கரிங்கில் இருக்கிறது. 1970களில் கட்டிய செமி வீடு, அதாவது ஒரு பக்கம் அடுத்த வீட்டோடு ஒட்டியது. கீழே செங்கல், மேல்மாடியில் பழைய அலுமினியம் சைடிங், அதாவது வெளிச்சுவரை மூடும் பலகை வரிசை. டிரிம் என்பது யன்னல், மூலை ஓரங்களை முடிக்கும் சட்டம். அந்த அலுமினியத்தைக் கழற்றிவிட்டு வினைல் என்ற பிளாஸ்டிக் சைடிங் போட யோசிக்கிறார். உதவிக்கு மச்சான் ஒருவர் இருக்கிறாராம்.

மாற்றலாம். பதினான்கு வருடமாக ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்தில் எனக்கு இதுதான் தொழில். பொறுமை உள்ள இரண்டு பேர் வினைல் சைடிங்கை வடிவாகவே போட்டுவிடலாம். ஆனால் நீங்கள் நிறத்தைக் கேட்டிருக்கிறீர்கள், விலையைக் கேட்டிருக்கிறீர்கள், எந்தக் கம்பனி நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். மழைத்தண்ணீரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சைடிங் தண்ணீரை முழுதாக மறிக்காது. காற்றோடு அடிக்கும் மழை மூட்டுகளாலும் மூலைகளாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். வினைல் பலகையின் அடி விளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். உள்ளே போன தண்ணீர் வடிவதற்காகவே அவற்றை விட்டிருக்கிறார்கள். வீட்டைக் காப்பாற்றுவது பின்னால் சுவரைப் போர்த்தியிருக்கும் டைவெக் போன்ற நீர்தடுப்பு உறையும், யன்னல் கதவுகளைச் சுற்றி ஒட்டும் பட்டிகளும், வளைத்துச் செருகும் தகடுகளும்தான். வேலை முடிந்தபிறகு இவற்றில் ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் அவசரக்காரர்கள் முதலில் இவற்றில் கைவைக்கிறார்கள்.

ஊரில் நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் குசினிக்குக் கிடுகுக் கூரை. அப்பா தாழ்வாரத்தில் தொடங்கி முகட்டை நோக்கி வேய்ந்துகொண்டு போவார். மேல் வரிசைக் கிடுகு எப்போதும் கீழ் வரிசையின் மேல் படிந்திருக்கும். ஒரு கிடுகு மாறி அடியில் செருகுப்பட்டால் அந்த மாரியிலேயே அடுப்புக்குள் சொட்டும். இங்கே வந்து டைவெக்கைத் தொட்ட முதல் நாளிலேயே இது அந்த வேலைதான் என்று எனக்கு விளங்கிவிட்டது. கீழிருந்து மேலே போகவேண்டும். மேலது கீழதன் முகத்தில் விழவேண்டும். உறை, பட்டி, தகடு, டிரிம், சைடிங் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே கணக்கு. எந்த மூலையில் நின்று குழம்பினாலும், "ஒரு துளி இந்தச் சுவரில் மேலிருந்து இறங்கினால் எங்கே போகும்?" என்று கேளுங்கள். அது ஒரு இடத்திலாவது பட்டிக்குப் பின்னால் நுழையுமென்றால் அந்த இடத்தைக் கழற்றித் திரும்பச் செய்யுங்கள்.

யன்னலில்தான் பெரும்பாலான பிழை நடக்கிறது. திறப்பின் அடிக்கட்டையில் முதலில் நீர்புகாப் பட்டி. இரண்டு ஓரத்திலும் ஆறு அங்குலமாவது மேலே ஏறவேண்டும். யன்னலை இருத்தியபின் பக்கப் பட்டிகள். அதன்பின் மேல் பட்டி, அது பக்கப் பட்டிகளின் தலையை மூடவேண்டும். யன்னலுக்கு மேலே டைவெக்கை வெட்டி மடித்து உயர்த்தி வைத்திருப்பீர்களே, அந்த மடலைக் கடைசியாக மேல் பட்டியின் மீது இறக்கி ஒட்டுங்கள். யன்னலின் அடி விளிம்பை மட்டும் அடைக்காதீர்கள். உள்ளே வந்த தண்ணீர் அதனால்தான் வெளியேறவேண்டும். நான் திறந்துபார்த்த சுவர்கள் பலவற்றில் அந்த மேல் மடல் பட்டிக்கு அடியில் சிக்கியிருந்தது. ஒரு வீட்டில் யன்னலின் கீழ் மூலைப் பலகை, தேநீரில் தோய்த்த விசுக்கோத்துப் போலக் கையோடு வந்தது. வெளியே சைடிங் புதுசு மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தது.

உங்கள் வீட்டில் யன்னலை மாற்றப்போவதில்லை என்றாலும், பழைய சைடிங்கைக் கழற்றியதும் ஒவ்வொரு யன்னலைச் சுற்றியும் கையை வைத்துப் பாருங்கள். கட்டை மெத்தென்று இருந்தால் அதை வெட்டி மாற்றாமல் மூடவேண்டாம்.

அடுத்தது கராஜ் கூரை. அது மேல்மாடிச் சுவரில் முட்டிக்கொண்டே இறங்கி, சுவரின் நடுவிலேயே பீலியோடு முடியும். கூரையின் ஓரத்தால் ஓடிவரும் தண்ணீர் முழுவதும் அந்த முனையில் சைடிங்குக்குப் பின்னால் புகப் பார்க்கும். அங்கே தண்ணீரை வெளியே திருப்பிப் பீலிக்குள் விழுத்தும் ஒரு வளைந்த தகடு வைக்கவேண்டும். கிக் அவுட் பிளாஷிங் என்பார்கள். சில டொலர்தான். ஸ்கார்பரோவில் ஒரு வீட்டில் உள்ளே சுவரில் சின்னக் கறை என்று கூப்பிட்டார்கள். வெளியே திறந்தபோது சுவரைத் தாங்கி நிற்கும் ஸ்டட் கட்டைகள் இரண்டின் அடிப்பாகமே இல்லை. அந்த ஒரு தகடு வைக்காததுதான் காரணம்.

வன்கூவர் பக்கம் இதே பாடத்தை ஒரு மாகாணமே படித்தது. 1980களிலும் 90களிலும் அங்கே கட்டிய கொண்டோக்கள் பலவற்றில், வெளிப்பூச்சே மழையைத் தடுத்துவிடும் என்று நம்பி, உள்ளே போன தண்ணீர் வடிய வழி விடாமல் சுவரை மூடிவிட்டார்கள். சுவர்கள் உள்ளுக்குள்ளேயே அழுகின. வீடு வாங்கிய சாதாரணச் சனங்கள் திருத்தும் செலவில் நொடிந்துபோனார்கள். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் முன்னாள் முதல்வர் டேவ் பரெட் தலைமையில் 1998இல் விசாரணை ஆணைக்குழுவே வைத்தார்கள். இப்போது அந்தக் கரையோரத்தில் சைடிங்குக்கும் உறைக்கும் நடுவே 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுச் சுவர் கட்டுகிறார்கள். தண்ணீர் வடியும், காற்று ஓடும், மரம் காயும். வினைலின் வடிவத்திலேயே பின்னால் வெற்றிடம் இருப்பதால் அதற்கு இந்தக் கவலை குறைவு. மரப்பலகையோ, நார் கலந்த சிமெந்துப் பலகையான ஃபைபர் சிமெந்தோ போடுவதானால், எங்கள் ஒன்ராறியோ மாகாணத்திலும் மெல்லிய மரக் கீலம் அடித்து இடைவெளி விடுவதைத்தான் நான் விரும்புவேன்.

இனி ஆணி. தொழிலுக்கு வந்த இரண்டாவது வருடம், ஏஜக்ஸில் அத்தான் வீட்டுக்குப் பின்சுவரை நானே செய்துகொடுத்தேன். ஐப்பசி முடிகிற நேரம், நல்ல குளிர். பலகை ஆடக்கூடாது என்று ஒவ்வொரு ஆணியையும் இறுக்கி அடித்தேன். பார்க்க அவ்வளவு நேர்த்தி. ஆடி மாதம் அத்தான் போன் எடுத்தார்: "தம்பி, சுவர் அலை அலையாக் கிடக்குது, ஒருக்கா வந்து பார்." போய்ப் பார்த்தேன். தென்மேற்கு வெயில் முழுக்க விழும் சுவர் அது. பலகைகள் ஆணிக்கு ஆணி புடைத்து நின்றன. முழுச்சுவரையும் கழற்றித் திரும்பப் போட்டோம். அத்தான் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. எனக்குத்தான் அன்றிரவு நித்திரை இல்லை.

வினைல் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். 12 அடிப் பலகை ஒன்று இங்கத்தைய மாசிக்கும் ஆடிக்கும் இடையே அரை அங்குலத்துக்கு மேலும் மாறும். ஆகையால் சைடிங்கை ஆணியில் தொங்கவிடவேண்டும், அறைந்து பிடிக்கக்கூடாது. ஆணி துளையின் நடுவில் இருக்கட்டும். தலைக்கும் வினைலுக்கும் இடையே ஒரு டைம் (பத்துச் சதம்) காசின் தடிப்புக்கு வெளி விடுங்கள். ஆணி நேராகப் போகவேண்டும், 16 அங்குலத்துக்கு ஒன்று, ஸ்டட் கட்டைக்குள் ஒன்றேகால் அங்குலமாவது இறங்கவேண்டும். அடித்து முடித்ததும் பலகையைப் பிடித்து இடமும் வலமும் இழுத்துப் பாருங்கள். வழுக்கி ஆடினால் சரி. மூலைக்கட்டைக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு: அதன் மிக உயர்ந்த துளையில், துளையின் உச்சியில் முதல் ஆணி. மற்றவை நடுவில்.

பலகையின் நுனி ஜே சனலுக்குள்ளோ (நுனியை மறைக்கும் J வடிவச் சட்டம்) மூலைக்கட்டைக்குள்ளோ போகும் இடத்தில் கால் அங்குலம் வெளி வேண்டும். 4 பாகை செல்சியஸுக்குக் கீழே வேலை செய்தால் அதைவிடக் கொஞ்சம் கூட்டுங்கள், ஏனென்றால் பலகை ஏற்கெனவே சுருங்கித்தான் இருக்கிறது. குழாய், லைட் பெட்டி போன்றவற்றைச் சுற்றி வெட்டும் ஓட்டைக்கும் இதே கால் அங்குலம். ஒரு பலகை மற்றதன் மேல் ஓர் அங்குலம் ஏறட்டும், அந்த மூட்டின் வாய் வாசலைப் பார்க்காமல் இருக்கட்டும். அடுத்தடுத்த வரிசை மூட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக விடாதீர்கள், ஒரே நெடுங்கோடாகத் தெரியும்.

முதல் வரிசையைப் பிடிக்கும் தொடக்கக் கீலம் மட்டமாக இல்லாவிட்டால் பிறகு எதுவும் சரிவராது. ஐம்பது வருடம் பழைய வீடு, ஒரு மூலை இறங்கியிருக்கும். கண்ணை நம்பாமல் லெவல் வைத்து, சோக்குத் தூள் பூசிய நூலால் கோடு அடித்து, அந்தக் கோட்டில் தொடங்குங்கள். மேலே சொஃபிட் (கூரை ஓரத்தின் அடித்தட்டு) சரிந்திருந்தால் கடைசிப் பலகையைச் சாய்த்து வெட்டிச் சமாளிக்கலாம். உங்களுடையது செமி வீடு என்பதால் இன்னொன்று: பக்கத்து வீட்டுச் சைடிங்கோடு உங்களுடையது சேரும் நேர்க்கோட்டை எப்படி முடிப்பது என்று அவர்களோடு முதலே கதையுங்கள். அவர்களின் பழைய அலுமினியத்தைக் கழற்றாமல் நடுவில் ஒரு சனல் வைத்து முடிக்கலாம். கேட்காமல் செய்தால் வருடக்கணக்கில் முகம் பார்க்க ஏலாது.

டிரிம்மைப் பலரும் அழகுக்கென்று நினைக்கிறார்கள். அதுவும் தண்ணீரைத் திருப்பும் வேலையைத்தான் செய்கிறது. யன்னலைச் சுற்றி வைக்கும் ஜே சனலில், மேல் சனலின் இரண்டு முனையிலும் ஒரு நாக்கு வெட்டி, அதைப் பக்கச் சனலுக்குள் மடித்து இறக்குங்கள். இரண்டு நிமிட வேலை. அது இல்லையென்றால் மேலே சேரும் தண்ணீர் நேரே மூலைக்குள் போகும். யன்னலுக்குக் கீழே வெட்டிய பலகையைப் பிடிக்க அண்டர்சில் டிரிம் வைத்து, பலகையின் விளிம்பில் ஸ்நாப் லொக் பஞ்ச் என்ற கைக்கருவியால் காது குத்தித் தள்ளினால் 'டிக்' என்று பூட்டும். அங்கே முகத்தில் ஆணி அடித்து முடிக்காதீர்கள்.

பழைய மரச் சட்டங்களை அலுமினியத் தகட்டால் மூடுவதானால், தகடு மடிக்கும் பிரேக் என்ற கருவியை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுக்கலாம். முதலில் மரம் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஈர மரத்தைத் தகட்டால் மூடினால் அது உள்ளே இருந்தே உக்கும். மரமாகவே விடப்போகிறீர்கள் என்றால், வெட்டிய ஒவ்வொரு முனைக்கும் பின்பக்கத்துக்கும் அடிப்பூச்சு அடித்தபிறகே ஏற்றுங்கள். கிடையாக வரும் எந்த டிரிம்முக்கும் மேலே தகடு வேண்டும். கோக்கிங் என்ற பசையை வைத்து எல்லா இடைவெளியையும் அடைக்கும் பழக்கம் எங்கள் ஆட்களிடம் நிறைய. சில வருடத்தில் அது வெடிக்கும், வெடிப்பால் தண்ணீர் போகும், மற்றப் பக்கம் அடைபட்டிருப்பதால் வெளியே வராது. கீழே உங்கள் செங்கல் சுவரில் இடையிடையே சாந்து இல்லாத சின்ன வெளிகள் இருக்கும். அவையும் தண்ணீர் வடியத்தான், அடைத்துவிடாதீர்கள்.

ஃபைபர் சிமெந்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நல்ல பொருள், நெருப்புக்கு அஞ்சாது. ஆனால் பாரம், விலை கூட, வெட்டும்போது பறக்கும் சிலிக்கா தூசி நெஞ்சுக்குக் கூடாது. முதல் தடவை செய்பவருக்கு நான் சொல்லமாட்டேன். வினைலுக்குப் பயப்படவேண்டியது சூடு: 70 பாகையைத் தாண்டினால் உருக்குலையும். பாபிகியூ அடுப்பைச் சுவருக்குக் கிட்ட வைக்காதீர்கள். எதிர்வீட்டின் புது யன்னல் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெயிலே வினைலை உருக்குவதும் உண்டு.

கழற்றும்போது அலுமினியத்தை மடித்துக் கட்டி வையுங்கள், பழைய இரும்புக்கடையில் காசு தருவார்கள். அதற்கு அடியில் சாம்பல் நிறக் கடினத் தகடு ஏதும் வந்தால் உடைக்காமல் நிறுத்திச் சோதித்துப் பாருங்கள், அஸ்பெஸ்டஸாக இருக்கலாம். வீட்டுக்கு வரும் மின்கம்பியிலிருந்து ஏணியும் நீளப் பலகையும் தள்ளியே இருக்கட்டும். ஒன்ராறியோவில் 3 மீட்டருக்கு மேல் வேலை செய்யும் கட்டடத் தொழிலாளி விழாமல் தடுக்கும் கைப்பிடி வேலியோ பட்டியோ வேண்டும் என்பது சட்டம். சொந்த வீடு என்பதற்காக விழுகிற உயரம் குறையாது. மேல்மாடிக்கு ஏணியை நம்பாமல் சாரம் வாடகைக்கு எடுங்கள். அந்தக் காசில் மட்டும் மிச்சம் பிடிக்கவேண்டாம்.

என்னைக் கேட்டால், பின்சுவரை நீங்களும் மச்சானும் வைகாசியில் செய்யுங்கள். கராஜ் கூரை வந்து முட்டும் பக்கத்தை அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுத்து, அவர் செய்யும்போது பக்கத்தில் நில்லுங்கள். உறையும் பட்டியும் முடிந்ததும் சைடிங் போடுவதற்கு முன் தோட்டத்துக் குழாயைப் பிடித்து யன்னல்களில் அடித்துப் பாருங்கள். கீழிருந்து தொடங்கி ஆறுதலாக மேலே போங்கள், அப்போதுதான் எந்த உயரத்தில் புகுகிறது என்று தெரியும். மச்சான் உள்ளே டோர்ச்சோடு நிற்கட்டும். ஒரு சொட்டும் வராவிட்டால் ஒவ்வொரு யன்னலையும் படம் எடுத்து வைத்துவிட்டு மூடுங்கள்.