நெட்வொர்க் ப்ரொஃபைல்களை அடுக்கு அடுக்காக வைத்துக்கொள்வது: கேள்வி பதில்

கேள்வி: அலுவலகம், வீடு, பயணம் என்று மூன்று ப்ரொஃபைல் (இணைப்பு அமைவுகளின் தொகுப்பு) வைத்திருக்கிறேன். டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித்தரும் சர்வர்) முகவரி மாறினால் மூன்றிலும் திருத்த வேண்டும், ஒன்று எப்படியும் விட்டுப்போகிறது.

பதில்: மூன்றும் முழு நகலாக இருப்பதுதான் சிக்கல். பொதுவானதை ஒரே இடத்தில் வைத்து, மூன்றிலும் வேறுபடுவதை மட்டும் எழுதுங்கள். அதையும் அடுக்குவாரியாகப் பிரியுங்கள்: எம்டியு (ஒரே பாக்கெட்டில் போகக்கூடிய அதிகபட்ச அளவு), விலான் (ஒரே கம்பியில் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) ஒரு துண்டு, ஐபி முகவரியும் ரூட்டும் (பாக்கெட் போகும் வழி) ஒரு துண்டு, டிஎன்எஸ், ப்ராக்ஸி இன்னொன்று. டிஎன்எஸ் மாற்றப் போகிறவர் எம்டியு இருக்கும் கோப்பைத் திறக்கவே கூடாது.

கேள்வி: அப்படித்தான் சிஸ்டம்டி நெட்வொர்க்டியில் (லினக்ஸில் நெட்வொர்க்கை அமைக்கும் சேவை) இரண்டு கோப்பாகப் பிரித்தேன். இரண்டாவது வேலையே செய்யவில்லையே?

பதில்: இரண்டும் '.நெட்வொர்க்' கோப்புகளாக இருக்கும். ஓர் இடைமுகத்துக்கு (நெட்வொர்க் இணைப்புப் புள்ளி) பொருந்தும் கோப்புகளில் பெயர் வரிசைப்படி முதலில் வருவது மட்டும்தான் எடுக்கப்படும். முதல் கோப்பின் முழுப் பெயரோடு '.டி' சேர்த்து ஒரு கோப்புறை உருவாக்கி, மிச்சத்தை அதற்குள் '.கான்ஃப்' கோப்பாகப் போடுங்கள், சேர்ந்துகொள்ளும்.

கேள்வி: வீட்டு ப்ரொஃபைலில் பிங் போகிறது, எஸ்எஸ்ஹெச்சில் (தொலைவிலிருந்து உள்நுழையும் வழி) லாகின் ஆகிறது, பெரிய கோப்பு அனுப்பினால் மட்டும் அப்படியே நின்றுவிடுகிறது. ஃபயர்வாலை அணைத்தும் பார்த்துவிட்டேன். வீட்டில் பிபிபிஓஇ இணைப்பு (ஈதர்நெட் மேல் ஓடும் பிராட்பேண்ட் முறை), மேலே வயர்கார்டும் (விபிஎன் சுரங்கம்) ஓடுகிறது.

பதில்: எம்டியுவைப் பாருங்கள். மேல் அடுக்கில் தெரியும் கோளாறு, வேர் கீழே இருக்கிறது, இதே மாதிரி ஒன்றில் நான் இரண்டு நாள் ஃபயர்வாலையே நோண்டிக்கொண்டிருந்திருக்கிறேன். ஈதர்நெட்டில் 1500 பைட், பிபிபிஓஇ அதில் 8 எடுத்துக்கொள்ளும், மிச்சம் 1492. சின்ன பாக்கெட் எல்லாம் நுழைந்துவிடும், பெரியது நுழையாது, 'பெரிதாக இருக்கிறது' என்று திருப்பிச் சொல்லும் ஐசிஎம்பி (நெட்வொர்க்கின் பிழை அறிவிப்பு) செய்தியை வழியில் எங்காவது தடுத்திருந்தால் அனுப்புகிறவருக்குக் காரணமே தெரியாது. வயர்கார்டை நிறுத்திவிட்டு, துண்டாக்கக் கூடாது என்ற தேர்வோடு ஐபிவி4 பிங்கில் 1464 பைட் அனுப்புங்கள், தலைப்புகளின் 28 சேர்ந்து 1492 ஆகும். அது போய் 1465 போகவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம். அப்புறம் வயர்கார்டு: அதன் வழக்கமான எம்டியு 1420 மேல் வெளியே ஐபிவி6 என்றால் 80 பைட் ஏறி மறுபடி 1500 ஆகிவிடும், 1492-இல் நுழையாது. வீட்டு ப்ரொஃபைலில் கீழே 1492, வயர்கார்டு சுரங்கத்துக்கு 1412 என்று இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

கேள்வி: தொலைவில் இருக்கும் ரவுட்டரில் ப்ரொஃபைல் மாற்றப் பயமாக இருக்கிறது. இணைப்பு போனால் நேரில்தான் போக வேண்டும்.

பதில்: அந்தப் பயம் நியாயமானது. சாதனம் நெட்கான்ஃபில் (சாதன அமைவைத் தொலைவிலிருந்து மாற்றும் நெறிமுறை) உறுதிசெய்யும் கமிட் வசதியைத் தருகிறதா பாருங்கள். 2011-இல் வந்த ஆர்எஃப்சி 6241 என்ற இணையத் தர ஆவணத்திலேயே இருக்கிறது: மாற்றம் அமலாகும், 600 விநாடிக்குள் நீங்கள் மறுபடி உறுதிசெய்யாவிட்டால் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நேரத்தை நீங்களே குறைக்கலாம். உறுதிசெய்வதற்கு முன் புதிதாக ஒரு இணைப்பு திறந்து பாருங்கள், ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு ஓடுவதை வைத்து முடிவுசெய்ய வேண்டாம். தொடக்க அமைவு (ரீபூட்டில் படிக்கப்படுவது) தனியாக இருக்கும் சாதனம் என்றால் அதிலும் சேமியுங்கள், இல்லையென்றால் அடுத்த ரீபூட்டில் போய்விடும்.

கேள்வி: ப்ரொஃபைல்களை கிட்டில் (கோப்பு மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கருவி) போட்டு வைக்கலாமா?

பதில்: கட்டாயம் போடுங்கள், கடவுச்சொல்லும் தனிச் சாவியும் மட்டும் வேண்டாம். ஏற்கெனவே உள்ளே போய்விட்டதா? நீக்கினாலும் வரலாற்றில் இருக்கும், இன்றைக்கே சாவியை மாற்றிவிடுங்கள்.