அப்பாவின் சிறுநீரில் ரத்தம்: இது எந்த ஸ்டேஜ்?

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. காசிமேட்டில் மீன் ஏலம் எடுப்பவர். நாற்பது வருடமாகப் பீடி பிடிக்கிறார். பொங்கல் சமயத்தில், "மீன் அலசுன தண்ணி மாதிரி போவுது" என்றார். வலி இல்லை. சூடு என்று நினைத்து இளநீர் குடித்தார், நின்றுவிட்டது. போன வாரம் மறுபடி வந்தது. ஸ்கேனில் சிறுநீர்ப்பையில் 2.5 செ.மீ. கட்டி என்று இருக்கிறது, ஸ்டேஜ் போடவில்லை. முற்றிவிட்டதா டாக்டர்?
– ஒரு மகள், ராயபுரம்

பதில்: ஸ்கேனில் ஸ்டேஜ் போடாதது சரிதான் அம்மா. இந்த நோயில் கட்டியின் அகலத்தைவிட அதன் வேர் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதுதான் முக்கியம். அதை அந்த ஸ்கேன் சொல்லாது. பெரும்பாலும் இது புற்றுநோயாகத்தான் இருக்கும். ஆனாலும் பயாப்ஸி வந்தால்தான் உறுதி.

இளநீரால் ரத்தம் நிற்கவில்லை. வருவதும் தானே நிற்பதும் இந்தக் கட்டியின் குணம். வலி இருந்திருந்தால் அப்பா அன்றைக்கே கிளம்பியிருப்பார். வலியே இல்லாததுதான் ஆளை ஏமாற்றுகிறது. பீடிப் புகையின் நச்சு ரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வடிகட்டி, பையில் மணிக்கணக்காகத் தேங்குகிறது. சாயம், தோல், ரப்பர் வேலை செய்கிறவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு.

அடுத்து டி.யு.ஆர்.பி.டி. செய்வார்கள். மயக்க மருந்து கொடுத்து, சிறுநீர் வரும் வழியாகவே கருவியை விட்டு, கட்டியைச் சுரண்டி எடுப்பார்கள். வயிற்றைக் கிழிப்பதில்லை. கட்டியின் அடியில் இருக்கும் தசையிலிருந்தும் ஒரு துண்டு எடுக்க வேண்டும். நோய் தசை வரை போயிருக்கிறதா என்று சொல்லப்போவது அந்தத் துண்டுதான். ஸ்டேஜ் கணக்கு இப்படி: கட்டி உள்தோலோடு நின்றால் டி.ஏ., அதற்கு அடியில் உள்ள மெல்லிய அடுக்கைத் தொட்டால் டி1, தசைக்குள் போயிருந்தால் டி2. வெளிக்கொழுப்புக்குப் போனால் டி3, பக்கத்து உறுப்புகளைப் பிடித்தால் டி4. கட்டியாக எழும்பாமல் தட்டையாகப் பரவும் வகையும் ஒன்று உண்டு. அது மேலாக இருந்தாலும் முரட்டுத்தனமானது.

பயாப்ஸி ரிப்போர்ட் கைக்கு வந்ததும் ஒன்றைக் கேளுங்கள்: "இதில் தசை இருக்கிறதா?" இல்லையென்றாலோ, வீரியம் அதிகமான டி1 என்றாலோ, 2 முதல் 6 வாரத்துக்குள் மறுபடி சுரண்டிப் பார்ப்பது வழக்கம். முதல் தடவை தப்பு நடந்துவிட்டது என்று சண்டைக்குப் போகாதீர்கள். அப்பாவின் சிறுநீர்ப்பையை எடுக்க வேண்டுமா, காப்பாற்றலாமா என்பதே நோய் தசையைத் தொட்டிருக்கிறதா என்பதை வைத்துத்தான் பெரும்பாலும் முடிவாகும்.

முற்றிவிட்டதா என்று கேட்டீர்கள். கண்டுபிடிக்கும்போது நான்கு பேரில் சுமார் மூன்று பேருக்கு நோய் தசையைத் தொட்டிருப்பதில்லை. அவர்களுக்குப் பெரும்பாலும் பையை எடுக்காமலே, உள்ளே மருந்து செலுத்திச் சமாளிக்கிறோம். குழந்தைகளுக்குப் போடும் பி.சி.ஜி.யும் அதில் ஒன்று. ஆனால் திரும்ப வரும் நோய் இது. மூன்றாவது மாதம் கேமரா வைத்துப் பார்ப்பதில் தொடங்கி, வருடக்கணக்கில் வர வேண்டியிருக்கும்.

தள்ளிப்போடாமல் பழைய வண்ணாரப்பேட்டை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் யூராலஜி (சிறுநீரகவழி நோய்) பிரிவுக்கு அழைத்துப் போங்கள். மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன் தேவைப்படும், சிறுநீரகத்தையும் குழாய்களையும் பார்க்க வேண்டும். ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பீடியை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். அப்புறம், ரத்தக்கட்டி அடைத்துச் சிறுநீர் வராமல் போனால், ராத்திரி என்றாலும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.